கையைத் தூக்கு, வாயைத் திற, ஒரு சுற்றுச் சுற்று

1

வருகிற தையோடு நான் பினாங்குக்கு வந்து பத்து வருஷம் முடிகிறது. போன தடவை இந்தப் பத்திரிகைக்கு எழுதினபோது இங்கே கிடைக்கிற புளி சரியில்லை என்று இரண்டு பக்கம் புலம்பியிருந்தேன். சேலத்திலிருந்து ஓர் அம்மாள் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டார், கடல் தாண்டிப் போனவளுக்குப் புளியைத் தவிர வேறு கவலையே இல்லையா என்று. இருக்கிறது அம்மா. இந்தத் தடவை புளியைப் பற்றி இனி ஒரு வார்த்தை வராது.

வந்த புதிதில் பட்ட பாடுகளை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. கடையில் போய் எங்கள் ஊர் வழக்கப்படி "ஏனுங்க" என்று கூப்பிட்டால், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கடைக்காரர் "ஏன் என்று என்னை எதற்கம்மா கேட்கிறீர்கள்?" என்பார். என் மகள் வசந்தாவுக்கு ஆறு வயது. வீட்டுக்குள் ஒரு வாக்கியம் பேசினால் அதில் தமிழ் பாதி, இங்கிலீஷ் கால், மலாய் கால். நான் அம்மா என்று சொல்லிக் கொடுத்தேன். மம்மி என்று கூப்பிடுகிறாள். திருத்தித் திருத்தி நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக் கொடுத்ததே இல்லை. கப்பலை விட்டு இறங்கின அன்றே துறைமுக ஆபீசில் ஒரு குமாஸ்தா தாளை வைத்துக்கொண்டு கேட்டார், அப்பா என்ன வேலை? காப்பி எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறவர் என்றேன். அம்மா? "டீச்சர்" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூலி லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவளுக்கு டீச்சர் அம்மாவா என்று கேட்கிற பார்வை. "எழுதுங்க, சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர்" என்று அழுத்திச் சொன்னேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் எனக்கு எத்தனையோ தாள்கள், முத்திரைகள், அடையாளச் சீட்டுகள். எல்லாவற்றிலும் அந்த வார்த்தை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். வசந்தாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பிள்ளையின் பாட்டி என்ன செய்தாள் என்று யாருமே கேட்கவில்லை. நானாகவே விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் பெருமை அவ்வளவு. போன மாதம் அது போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் எனக்குத் தெரிந்தபடியே சொல்கிறேன். போன மாதம் வரைக்கும் எனக்குத் தெரிந்த கதை இதுதான்.

எங்கள் எஸ்டேட் ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டுக்குக் கீழே. பழம் பறித்து, களத்தில் காய வைத்து, தோல் நீக்கி வந்த காப்பிக் கொட்டையில் கறுத்ததும் உடைந்ததும் கலந்திருக்கும். மூட்டை கட்டி அடிவாரத்துக்கு இறக்குவதற்கு முன்னால் அதையெல்லாம் பொறுக்கி எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தோட்டத்தில் வேலை. இதற்குச் சின்ன விரல்தான் தோது என்று, ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளை ஒரு தகரக் கொட்டாயில் வரிசையாக உட்கார வைப்பார்கள். லயத்தில் எல்லோரும் அதைப் புள்ளைக் கொட்டாய் என்றார்கள். நான் பள்ளிக்கூடம் என்றேன். ஏனென்றால் அதை நடத்தினது என் அம்மா.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். காலையில் மேஸ்திரி வந்து சேருவதற்குள் எங்களைத் தரையில் கொட்டையை அடுக்கி 'அ' போடச் சொல்லுவாள். அடுத்த நாள் 'ஆ'. முப்பது பிள்ளைகள் குனிந்துகொண்டு கொட்டையால் எழுத்துப் போடுவோம். மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டதும், "அழிச்சு முறத்துல அள்ளிக்குங்க சாமி, ஒண்ணுகூடக் கீழ கெடக்கக் கூடாது" என்பாள். பிறகு நாள் முழுக்கப் பொறுக்குவோம். கறுப்பு இந்தப் பக்கம், வெளுப்பு அந்தப் பக்கம். பொறுக்கும்போது பேசக் கூடாது, பாடலாம்.

சாயங்காலம்தான் எனக்குப் பிடித்த நேரம். எல்லோரும் வாசலில் வரிசையாக நிற்போம். அம்மா கட்டின பாட்டு ஒன்று உண்டு.

"கையி ரெண்டும் மேல போகட்டும்
வாயி தொறந்து ஆன்னு சொல்லட்டும்
சுத்திச் சுத்தி ஒரு சுத்து
சூதானமா ஊடு போ சாமி."

பாட்டுக்குத் தக்கபடி கையைத் தூக்கி, வாயைத் திறந்து, பாவாடை விரிய ஒரு சுற்றுச் சுற்றுவோம். அம்மா வரிசையில் நடந்து வந்து ஒவ்வொருவர் வாயாகப் பார்ப்பாள். வாய்க்குள் யாராவது கொட்டையை ஒளித்து வைத்திருந்தால் சுண்டுவிரலை வளைத்துக் கன்னத்தின் உள்பக்கம் ஒரு வழி வழித்து எடுத்துவிடுவாள். எடுக்கப்பட்டவர் தோற்றார். ஒளித்துவைக்கிற ஆட்டம் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தாள். என் வாயை மட்டும் அவள் பார்த்ததில்லை, தாண்டிப் போய்விடுவாள். டீச்சர் மகளுக்கு அந்தச் சலுகைகூட இருக்காதா என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆட்டத்தில் எனக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. யார் கன்னம் உப்பியிருக்கிறது என்று பக்கவாட்டில் பார்த்தே சொல்லிவிடுவேன். பக்கத்து லயத்து ராசாத்தியை அப்படித்தான் பிடித்தேன். அவளுக்கும் என் வயதுதான், ஆறு. அன்றைக்கு மேஸ்திரியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ராசாத்தியின் வாயைப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, ராசாத்தி கன்னம் உப்பியிருக்குது!" என்று கத்தினேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் ராசாத்தியிடம் திரும்பிப் போய் விரலை விட்டு வழித்தாள். ஐந்தாறு கொட்டை வந்தது.

மறுநாள் ராசாத்தி வரவில்லை. தோற்றவள் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். வெயில் விழுகிற அவளுடைய இடம் எனக்குக் கிடைத்தது. அதைவிடச் சந்தோஷம், அன்றிலிருந்து அம்மா என்னைப் பாட்டுக்குத் தலைவி ஆக்கினாள். கொட்டாய்க்கு வெளியே தள்ளி நின்று, எல்லோருக்கும் முதுகு காட்டி, மலையைப் பார்த்தபடி நான் பாட வேண்டும். மற்றவர்கள் பின்னால் பாடுவார்கள். அந்தக் குளிரில் பனி மூடின சரிவைப் பார்த்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காப்பி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த நான் முதன்முதலில் காப்பி குடித்தது கப்பலில். ஊரில் எங்கள் வீட்டில் காப்பி போட்டதே கிடையாது. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை.

3

வசந்தாவின் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கடைசி மணி நேரம் கைவேலைக்கு. ஒவ்வொரு வாரமும் ஒரு தாயார் வந்து, தன் ஊர்க் கைவேலை ஒன்றை அந்தப் பொடிசுகளுக்குச் செய்து காட்ட வேண்டும். தலைமையாசிரியை வெள்ளைக்கார அம்மாள், நல்ல மாதிரி. ஒரு சீனத்து அம்மாள் காகித விளக்குச் செய்தார். ஒரு மலாய்க்கார அம்மாள் ஓலையில் பெட்டி முடைந்தார். என் முறை வந்தபோது நான் கேட்ட அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் அம்மாவின் பள்ளிக்கூடத்தை அப்படியே நடத்திக் காட்டப் போகிறேன்.

சீனர் கடையில் வறுக்காத காப்பிக் கொட்டை வாங்கினேன். சேலத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். இருபத்து நான்கு பிள்ளைகள், சீனர், மலாய், தமிழ், வெள்ளைக்காரக் கலப்பான சட்டைக்காரர் என்று எல்லாம் கலந்து. ஆளுக்கு ஒரு தட்டு. முதலில் கொட்டையை அடுக்கி அவரவர் பெயரின் முதல் எழுத்தைப் போடச் சொன்னேன். ஒரு பயல் கொட்டை போதவில்லை என்று பக்கத்துத் தட்டில் கை வைத்தான், சண்டை வந்தது, சமாதானம் செய்தேன். அப்புறம் கறுப்பு இந்தப் பக்கம், வெளுப்பு அந்தப் பக்கம். அந்த வயதில் பொறுக்கிப் பிரிக்கிற வேலை என்றால் பிள்ளைகளுக்கு என்ன ஆசை என்கிறீர்கள்! நாக்கை நீட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். என் வயிறு குளிர்ந்துவிட்டது.

வகுப்பின் உதவி டீச்சர் சரோஜா தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். தட்டு எடுத்துக் கொடுத்து, மூக்கில் கொட்டையைச் செருகின பிள்ளையைக் கவனித்து, எனக்கு ஒத்தாசையாக இருந்தாள். கடைசியில் தலைமையாசிரியையும் வந்து வாசலில் நின்றார். நான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். சீனப் பிள்ளைகள் "சூதானமா ஊடு போ சாமி" என்று பாடினதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கை எல்லாம் மேலே போனது. வாய் எல்லாம் திறந்தது. சுற்றினார்கள். நான் அம்மாவைப் போலவே வரிசையில் நடந்து, குனிந்து குனிந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஏழாவதோ எட்டாவதோ ஒரு சீனக் குட்டி. மெய்லிங் என்று பெயர். அவள் கன்னத்துக்குள் ஒரு கொட்டை இருந்தது. குறும்புக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் யோசிக்கவே இல்லை. என் சுண்டுவிரல் தானாக வளைந்தது. அவள் வாய்க்குள் விட்டு ஒரே வழியில் கொட்டையை எடுத்துவிட்டேன். இதற்கு முன்னால் வாழ்நாளில் நான் அதைச் செய்ததில்லை. ஆனாலும் கைக்குத் தெரிந்திருந்தது.

குழந்தை சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அதே நேரத்தில் யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். சரோஜா. முகத்தில் இரத்தமே இல்லை.

"அக்கா, போதும். கையை எடுங்க."

வாசலில் நின்ற வெள்ளைக்கார அம்மாள் கை தட்டினார். எவ்வளவு அழகான நடனம், ஆண்டு விழாவில் இதை மேடை ஏற்றியே ஆக வேண்டும் என்றார்.

4

பிள்ளைகள் போன பிறகு சரோஜா என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இதை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"எங்க ஊருல, ஏற்காட்டுல. பள்ளிக்கூட விளையாட்டு. எங்கம்மா டீச்சருங்க."

"விளையாட்டா?" என்றாள். "எந்த விளையாட்டுல அக்கா பிள்ளை வாய்க்குள்ள விரலை விடுவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "ஒளிச்சு வெக்கிற ஆட்டம். உனக்குத் தெரியாட்டி விடு கண்ணு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடிக்கிறேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "நான் ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. அப்பா அம்மா பால் வெட்டுற இடத்துல நாங்க காஞ்ச பால் துண்டு பொறுக்குவோம். சாயந்திரம் கேட்டுல கங்காணி நிப்பாரு. கையைத் தூக்கு. வாயைத் திற. திரும்பு. எதையாச்சும் எடுத்துக்கிட்டுப் போறோமான்னு சோதனை. அதேதான் அக்கா. எங்களுக்குப் பாட்டு மட்டும் இல்லை."

எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம். என் அம்மாவையும் ஒரு கங்காணியையும் ஒரே தட்டில் வைக்கிறாளே! "உங்க தோட்டம் அப்படி. எங்க எஸ்டேட்டு அப்படியில்ல. எங்கம்மா எழுத்துச் சொல்லிக் குடுத்தவ" என்று சொல்லிவிட்டு, வசந்தாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழி நெடுகப் பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், ஒன்றும் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அக்கா பொன்னம்மா என்னைவிட மூன்று வயது பெரியவள். அவளும் அதே கொட்டாயில் உட்கார்ந்தவள்தான். இப்போது அடிவாரத்தில் குடியிருக்கிறாள். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் கேட்பதற்கு அக்காவை விட்டால் ஆள் இல்லை. இங்கே ஒருத்தி இப்படிச் சொல்கிறாள், வாயில் அடித்த மாதிரி ஒரு பதில் எழுது என்று கேட்டிருந்தேன்.

5

கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வர வேண்டும். ஆண்டு விழா அதற்காகக் காத்திருக்குமா? தலைமையாசிரியை ஒத்திகையைத் தொடங்கிவிட்டார். பெண் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பாவாடை, பையன்களுக்குத் தலைப்பாகை. முன்னால் நின்று பாடி ஆட்டத்தை நடத்துகிற தலைவி என் வசந்தா. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தமிழே வேண்டாம் என்று முகத்தைச் சுளிக்கிற பிள்ளை, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் "கையி ரெண்டும் மேல போகட்டும்" என்று பாடினாள். அம்மாவின் பாட்டு, அம்மாவின் பேச்சு, அப்படியே சேலத்துச் சாயலோடு. அதைக் கேட்கும்போது சரோஜா சொன்னதெல்லாம் பொய் என்று எனக்கு உறுதியாகத் தோன்றும். அவளோ ஒத்திகை நேரத்தில் வகுப்பை விட்டு வெளியே போய் நின்றுகொள்வாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இந்த ஊரில் தாள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நிகழ்ச்சியின் பெயர், எந்த ஊரைச் சேர்ந்தது, அதன் பொருள் என்ன, சொல்லிக் கொடுத்தவர் கையெழுத்து. பெயரை அந்த அம்மாளே போட்டிருந்தார், காப்பி மலைச் சிறுவர் நடனம் என்று. விழாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்றும் கீழே அச்சாகியிருந்தது. பள்ளிக்கு ஆதரவு தருகிற தோட்டத் துரைமார்கள், அவர்களுடைய மனைவிமார்கள். உங்கள் பக்கம் துரைமார்கள் மூட்டை கட்டுகிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறேன். இங்கே இன்னும் முன் வரிசை அவர்களுக்குத்தான்.

பேனாவை எடுத்தேன். பொருள் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் கை நின்றது. சரோஜாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவளை ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பில் எழுதினேன்: "வேலை முடிந்த பிள்ளைகளின் மகிழ்ச்சி." கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பதினோராம் நாள் அக்காவின் கடிதம் வந்தது. விழாவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

6

கொட்டையில் போட்ட எழுத்தோடு நின்றுவிட்டவள் அக்கா, கடிதம் எழுதத் தெரியாது. அடிவாரத்தில் பஸ் கம்பெனி ரைட்டர் ஒருவரிடம் சொல்லச் சொல்ல எழுதுவாள். அவர் அவள் வாயில் வந்ததை வந்தபடியே எழுதுகிற மனிதர். வேண்டியதை மட்டும் எடுத்து எழுதுகிறேன்.

"கண்ணு, நீ நல்லாருக்கறயா? உன்ற கடுதாசியைப் படிக்கச் சொல்லிக் கேட்டப்ப எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. அதை வெளையாட்டுன்னு நீ இன்னுமா நெனச்சுக்கிட்டிருக்கற? முப்பது புள்ளைங்க நின்னோம். வெளையாட்டுன்னு நெனச்சவ நீ ஒருத்திதான்.

"அம்மாளுக்கு முந்தி வாட்ச்மேன்தான் சோதனை போடுவான். அவன் வெரலு வுட்டா வாயெல்லாம் ரத்தமாப் போயிரும். பாவாடையை அவுத்து உதறச் சொல்லுவான். அம்மாதான் துரைகிட்டப் போயி, நானே பாக்கறேனுங்க, ஒரு கொட்டை வெளிய போவாது, நான் பொறுப்புன்னு கேட்டு வாங்குச்சு. புள்ளைங்க பயப்படக் கூடாதுன்னு பாட்டுக் கட்டுச்சு. நீ நொம்பச் சின்னவ, ஊட்டுக்கு வந்து அழுவேன்னு உன்கிட்ட ஆட்டம்னு சொல்லி வெச்சுது. நாங்களும் சொல்லல. நீ ஓட்டை வாயி, மேஸ்திரிகிட்டப் போயி ஒளறி வெப்பேன்னு பயம்.

"அம்மா வாயைப் பாக்கும், ஆனாப் பாத்தும் பாக்காத மாரிப் போயிரும். ஒருத்தரு ரெண்டு பேருகிட்ட மட்டும் கணக்குக்கு எடுக்கும், அதும் வெளாட்டுக்குப் போட்டிருந்த புள்ளைங்ககிட்ட. நெசமாவே ஊட்டுக்குன்னு கொண்டு போற புள்ளை யாருன்னு அதுக்குத் தெரியும். அப்ப தொழிலாளி ஊட்டுல ஒரு புடி கொட்டை இருந்தாப் போலீசு. அதனாலதான் நம்மூட்டுல காப்பி வாசமே வந்ததில்ல, அம்மா கண்டிசன்.

"ராசாத்தி அவங்கம்மாளுக்காக எடுத்தா. அந்தம்மாளுக்கு நாளெல்லாம் மண்டையிடி, காப்பி குடிச்சாத் தேவலைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. தெனமும் நாலு நாலா வாயில போட்டுக்கிட்டுப் போனா. அம்மாளுக்குத் தெரியும். அன்னைக்கும் பாத்துட்டு வுட்டுட்டுத்தான் போச்சு. நீ கத்திப்போட்ட. மேஸ்திரி பக்கத்துலயே நிக்கறாரு. அம்மா என்ன செய்யும் சொல்லு? மறுநா காலைல அவங்க ஊட்டுச் சட்டி பானையை எடுத்து வெளிய வெச்சுட்டாங்க. அந்தம்மா மண்டைல துணியைக் கட்டிக்கிட்டு, கைப்புள்ளையை இடுக்கிக்கிட்டு, ராசாத்தி பின்னால பானையைத் தூக்கிக்கிட்டு, மலைய வுட்டு எறங்கிப் போனாங்க. நானு தோட்டத்து வேலிகிட்ட நின்னு பாத்தேன்.

"அதுக்கப்பறந்தான் உன்னைப் பாட்டுக்காரி ஆக்குச்சு. மலையைப் பாத்துக்கிட்டுப் பாடுன்னு. உனக்கு ஏன்னு தெரியாதா கண்ணு? நீ திரும்பி யாரு கன்னத்தையும் பாக்கக் கூடாதுன்னுதான்.

"அம்மா மேல தப்பு இல்ல. உன் மேலயும் இல்ல, நீ புள்ளை. அந்தப் பொண்ணு சரோசாகிட்டச் சண்டை போடாத. அவ சொன்னது நெசம்."

இதைப் படித்து முடித்தபோது காலை பத்து மணி. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து அதை இறக்கவில்லை. கடிதத்தை மடித்தேன், பிரித்தேன், மறுபடி படித்தேன். எந்த வரியைப் படித்தாலும் "நீ கத்திப்போட்ட" என்ற இடத்துக்கே கண் போனது. முப்பது வயதுக்கு மேல் ஆகிறது எனக்கு. இத்தனை வருஷம் என் புத்தி எங்கே போயிருந்தது? அம்மா அன்றைக்குத் திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகளின் சாமர்த்தியத்தை மெச்சிப் பார்த்தாள் என்றுதான் இதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

7

அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சரோஜாவைத்தான் முதலில் தேடினேன். "நீ சொன்னது நெசம் கண்ணு" என்றேன். என் இங்கிலீஷ் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் தலைமையாசிரியையின் அறைக்குள் என்னோடு வந்தாள்.

அது நடனம் இல்லை, பிள்ளைகள் திருடுகிறார்களா என்று பார்க்கிற சோதனை என்று சொன்னோம். அந்த அம்மாள் முதலில் சிரித்தார். பிறகு, குழந்தைகளுக்கு அது பிடித்திருக்கிறதே, பழைய பொருள் அவர்களுக்கு எதற்கு என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நானும் இத்தனை வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்?

"அம்மா, முன் வரிசையில் தோட்டத் துரைமார்கள் உட்காரப் போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் கையைத் தூக்கி வாயைத் திறந்து காட்ட வேண்டாம். என் மகள் பாட வேண்டாம்" என்றேன். சரோஜா மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்து என் தாளை எடுத்தார். பொருள் என்ற இடத்தில் நான் எழுதினதை நானே அடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டு அதை ரத்து செய்ய வேறொரு தாள் தந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் சரோஜா ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. காப்பி நடனத்துக்குப் பதிலாகப் பிள்ளைகள் ஒரு மலாய்ப் பாட்டுப் பாடினார்கள்.

வசந்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சிவப்புப் பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்தபோது அழுது தீர்த்தாள். அவளுக்கு என்ன சொல்வது? ஆறு வயதுப் பிள்ளையிடம் எதைச் சொல்வது, எதை விடுவது? அம்மாவும் இந்த இடத்தில்தான் நின்றிருப்பாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளாகவே பென்சில் பெட்டியோடு என்னிடம் வந்தாள். திறந்து காட்டினாள். உள்ளே மூன்று காப்பிக் கொட்டை.

"எங்கடி எடுத்தே?"

"அன்னிக்கு, மம்மி. வெள்ளிக்கிழமை. வாயில வெச்சிருந்தேன்" என்றாள். "மெய்லிங்தான் லூஸ். நான்தான் வின், இல்ல? நீ எல்லார் வாயும் செக் பண்ணே. என்கிட்ட வந்தே, பாக்காம போயிட்டே. அன்னிக்கே வழியில சொன்னேனே, நீ கேக்கவே இல்ல."

நான் அவளைத் தாண்டிப் போனது எனக்கு ஞாபகமே இல்லை. வரிசையில் என் பிள்ளை நின்றதும், அவள் வாயை ஆவென்று திறந்து காட்டினதும் எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்துப் பிள்ளை வாய்க்குள் மட்டும் விரல் போயிருக்கிறது.

"ஆமா கண்ணு, நீதான் ஜெயிச்சே" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் குதித்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். அந்த மூன்று கொட்டையும் இப்போது இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேலம் பக்கம், அடிவாரத்திலோ அதைச் சுற்றின ஊர்களிலோ, ராசாத்தி என்று என் வயதில் யாராவது இருந்தால், சின்ன வயதில் கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து தாயோடு பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவள் என்றால், அவளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவள் வாயிலிருந்து கொட்டையை எடுத்த டீச்சரம்மாவை அவள் மறந்திருக்கமாட்டாள். அந்த அம்மாள் முதலில் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள் என்று சொல்லுங்கள். பின்னால் நின்று கத்தினது அவளுடைய மகள், பெயர் தங்கம், பினாங்கில் இருக்கிறாள், ஊரெல்லாம் "டீச்சர் மகள்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் என்று சொல்லுங்கள். ராசாத்தியின் அம்மாவுக்கு அந்த மண்டையிடி எப்போதாவது விட்டதா என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.